வீடு தேடிப் போகும் இருவர்: மதுரையில் நான்கு நாட்கள்

முதல் நாள்: ஞாயிறு, பிப்ரவரி 8

திண்டுக்கல்லில் விடியுமுன் ஏறிய பேருந்து கொடைரோடு, வாடிப்பட்டி, சமயநல்லூர் எனக் கடந்து என்னை ஆரப்பாளையத்தில் இறக்கிவிட்டபோது மணி ஆறு. வைகையின் மேல் மெல்லிய பனிமூட்டம் இருந்தது. பாலத்தைக் கடந்து வடகரையில் உள்ள ஒரு பங்குக் கோயிலுக்கு நடந்தே போய்ச் சேர்ந்தேன்.

எதற்காக வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கத்தோலிக்கப் பங்கில், ஏழைகளுக்கு உதவும் அமைப்பான புனித வின்சென்ட் தே பவுல் சபையின் கிளை ஒன்று இருக்கிறது. நான் அதன் செயலாளர். ஆண்டுகள் செல்லச் செல்ல, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கோயில் வாசலில் வரிசையில் நிற்பவர்களுக்கு அரிசியும் சேலையும் கொடுப்பதோடு எங்கள் பணி சுருங்கிவிட்டது. சென்ற கிறிஸ்துமஸ் அன்று பட்டியலில் இருந்த ஒரு பெரியவரின் பெயரை மூன்று முறை கூப்பிட்டும் யாரும் வரவில்லை. இரண்டு மாதங்களாக அவர் எழுந்து நடமாட முடியாமல் படுத்திருக்கிறார் என்பதை, வரிசையில் நின்ற அடுத்த வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். கோயிலிலிருந்து அவர் வீடு நான்கு தெரு தள்ளி இருக்கிறது. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மதுரையில் இந்தப் பங்கின் கிளை இன்றும் வாரம் தவறாமல் வீடு சந்திப்புக்குப் போகிறது என்று கேள்விப்பட்டிருந்ததால், அவர்களோடு நான்கு நாட்கள் சுற்றிவர அனுமதி கேட்டு எழுதினேன். வரச் சொன்னார்கள்.

காலைத் திருப்பலி முடிந்ததும், நோயாளிகளுக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொண்டுபோகும் பணியாளரோடு என்னை அனுப்பினார்கள். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நற்கருணைச் சிமிழைச் சிறு பையில் வைத்து, அதைக் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். வழியில் வணக்கம் சொன்னவர்களுக்குத் தலையை மட்டும் அசைத்தார். குருக்கள் அல்லாத பொதுநிலையினர் இவ்வாறு நற்கருணையை எடுத்துச் செல்லும் வழக்கத்திற்கு 1973ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுலின் காலத்தில் வெளியான அறிவுறுத்தல் வழி திறந்தது. அதற்கு முன் குருவானவர் வரும் நாளுக்காகப் படுக்கையில் காத்துக்கிடந்தவர்களை நினைத்தால், அந்தச் சிறு பையின் அருமை விளங்குகிறது.

மூன்று வீடுகளுக்குப் போனோம். மூன்றாவது வீடு செல்லூரில், கைத்தறிகள் ஓடிய காலத்தில் கட்டப்பட்ட ஒரு வரிசை வீட்டின் கடைசி அறை. எண்பதைத் தாண்டிய ஒரு மூதாட்டி கட்டிலில் சாய்ந்திருந்தார். முக்காலியில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சிலுவையும் மெழுகுதிரியும் ஒரு தம்ளர் தண்ணீரும் முன்னதாகவே எடுத்து வைத்திருந்தார். நன்மை வாங்கிய பின் நெடுநேரம் கண்மூடி இருந்தார். கிளம்பும்போது ஆசிரியர், வரும் புதன்கிழமை லூர்து அன்னை திருநாள், கோயிலில் நோயாளிகளுக்கான பூசை, எண்ணெய் பூசுவார்கள், ஆட்டோ அனுப்புகிறோம், வருகிறீர்களா என்று கேட்டார்.

மூதாட்டியின் முகம் மாறிவிட்டது. "அவஸ்தைப் பூசுதலா? எனக்கு இன்னும் நேரம் வரல சார். அதுக்கு நான் வரல" என்றார்.

ஆசிரியர் வற்புறுத்தவில்லை. வெளியே வந்தபின் எனக்கு விளக்கினார். மூதாட்டி வளர்ந்த காலத்தில் அந்தத் திருவருட்சாதனத்தின் பெயரே, சாகும் தறுவாயில் பூசுவது என்ற பொருளில், அவஸ்தைப் பூசுதல்தான். சாமியார் எண்ணெயோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டில் மூன்றாம் நாள் சாவு என்று தெருவே பேசும். உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின், 1972இல், சடங்குமுறை திருத்தப்பட்டு நோயில் பூசுதல் என்ற பெயரோடு, கடுமையாக நோயுற்ற எவரும், முதுமையால் தளர்ந்தவரும்கூட, பெற்றுக்கொள்ளலாம் என்று தெளிவாக்கப்பட்டது. சடங்கைத் திருத்தி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அந்தக் கட்டிலில் இருப்பவரின் அச்சமோ அதைவிடப் பழையது.

மாலை நான்கு மணிக்குக் கிளையின் வாரக் கூட்டம் நடந்தது. இவர்கள் கிளையைக் கான்பரன்ஸ் என்றே சொல்கிறார்கள். பதினொரு பேர் வந்திருந்தார்கள். செபம், சிறு வாசகம், சென்ற வாரக் குறிப்பேடு. அதன்பின் இருவர் இருவராகத் தாங்கள் போன வீடுகளைப் பற்றிச் சொன்னார்கள். அறிக்கையில் கொடுத்த பொருள் கடைசியாகத்தான் வந்தது. வீட்டில் யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள், யார் முகம் வாடியிருந்தது என்பவை முதலில் வந்தன. ஒரு குடும்பத்தில் மூத்த மகனுக்கு வேலை கிடைத்துவிட்டதால் மாத அரிசியை நிறுத்தலாமா என்று பேச்சு எழுந்தபோது, அந்த வீட்டுக்குப் போய்வரும் அக்கா ஒருவர், "அரிசிய நிறுத்திக்கலாம் பிரதர். போறத நிறுத்த வேணாம். அந்தம்மா பேசுறதுக்கு நாங்க மட்டுந்தான் இருக்கோம்" என்றார். அப்படியே முடிவாயிற்று. இறுதியில் ஒரு துணிப்பை கைமாறி வந்தது. யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று மற்றவருக்குத் தெரியாத இரகசியக் காணிக்கை அது. போட இயலாதவரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுக்கலாம் என்பதில் எவ்வளவு நயமான மரியாதை இருக்கிறது!

சபையின் கதையை நான் முன்பே அறிவேன். ஆனால் அந்த அக்காவின் சொல்லைக் கேட்ட பிறகு அது வேறாகத் தோன்றுகிறது. 1832இல் பாரிஸ் நகரைக் காலரா வாட்டியது. மறு ஆண்டு ஏப்ரல் 23 அன்று, தமக்கு இருபது வயது நிறைந்த அதே நாளில், பிரடெரிக் ஓசானாம் என்னும் மாணவர் சில தோழர்களோடு கூடி இந்தச் சபையைத் தொடங்கினார். உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று விவாத மேடையில் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர்கள் தந்த பதில் அதுதான். ஏழைகளை எங்கே, எப்படிச் சந்திப்பது என்று தெரியாத அந்த மாணவர்களை, முஃப்தார் பகுதியில் பணியாற்றிய ரொசாலி ரெந்து என்னும் அருட்சகோதரி வீடு வீடாக அனுப்பிப் பழக்கினார். ரொட்டிக்கும் கரிக்குமான சீட்டுகளை அவர் அவர்கள் கையில் கொடுத்தனுப்பினார். அந்தச் சீட்டு கதவைத் திறக்க உதவியது, உள்ளே போய் உட்கார்ந்ததுதான் பணியாயிற்று. ஓசானாம் நாற்பது வயதில் இறந்தார். 1997இல் பாரிஸில் அவருக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது.

இரண்டாம் நாள்: திங்கள், பிப்ரவரி 9

இன்று அரசு இராசாசி மருத்துவமனை. பெரியாஸ்பத்திரி என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். எர்ஸ்கின் மருத்துவமனை என்ற பழைய பெயரும் வயதானவர்களின் வாயில் இன்னும் இருக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கை, தேனி, விருதுநகர் மாவட்டங்களின் கடினமான நோய்களெல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் இது. நோயாளி ஒருவர் என்றால், அவரோடு பாயும் பையும் கூஜாவுமாக வந்து வராந்தாவிலும் மரத்தடியிலும் நாட்களைக் கழிப்பவர்கள் இரண்டு பேர்.

ஆண்கள் பிரிவுக்குப் போகும் இருவரோடு நானும் சேர்ந்துகொண்டேன். ஒருவர் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் ஆட்டோ ஓட்டுநர், திங்கட்கிழமை முற்பகலில் சவாரி எடுப்பதில்லை. வார்டு சிஸ்டரிடம் போய் நின்று, இன்று யாரைப் பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே போனார்கள். அவர்கள் பையில் சோப்பு, தேங்காய் எண்ணெய், துண்டு, நகவெட்டி, சுடுதண்ணீர் பிளாஸ்க், முகச்சவரத் தகடுகள் இருந்தன. உறவினர் எவரும் உடன் வராத ஒரு முதியவருக்கு ஆட்டோ ஓட்டுநர் சவரம் செய்துவிட்டார். கன்னத்தை இழுத்துப் பிடித்து, வலிக்கிறதா ஐயா என்று ஒவ்வொரு இழுப்புக்கும் கேட்டுக் கேட்டுச் செய்ததில் அரை மணி நேரம் ஆனது. முடித்ததும் ஒரு சிறு கண்ணாடியைக் காட்டினார். முதியவர் தம் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம் நான், உங்களுக்கு என்ன நோய் என்று கேட்டுவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுத்தர் அவரருகே உட்கார்ந்து, எந்த ஊர், அங்கே இந்த வருடம் மழை எப்படி, வெள்ளாமை என்ன என்று கேட்கக் கேட்க, பத்து நிமிடத்தில் அவரே தம் வயிற்றில் நடந்த அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வெளியே வந்தபின் எழுத்தர் என்னிடம், "நோயைப் பத்தி டாக்டர் கேப்பாங்க, நர்ஸ் கேப்பாங்க, வர்றவங்க எல்லாரும் கேப்பாங்க. ஊரைப் பத்திக் கேக்க ஆள் இல்ல சார்" என்றார். செயலாளராக இத்தனை ஆண்டுகள் இருந்தும் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

வராந்தாவில் முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர், தந்தையின் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். குடும்ப அட்டை கையில் இருந்தது. வருமானச் சான்று இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு இத்திட்டம் பொருந்தும். அதற்குச் சான்று வேண்டும். எழுத்தர் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார்: ஊரில் இருக்கும் தம்பி எந்த எந்த நகல்களோடு இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும், கிராம நிர்வாக அலுவலரை எப்போது பார்க்க வேண்டும், சான்று கைபேசிக்கு வந்ததும் இங்கே எந்த அறைக்குப் போக வேண்டும். பிறகு அந்த அறை வரைக்கும் உடன் நடந்துபோய்க் கதவைக் காட்டிவிட்டு வந்தார். அன்று முழுவதிலும் செய்த உதவிகளில் பண மதிப்பில் மிகப் பெரியது இதுதான். கிளையின் கணக்கில் இதற்கு ஒரு காசும் செலவில்லை.

பெண்கள் பிரிவில் மரியாயின் சேனை என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் இயக்கத்தைச் சேர்ந்த இரண்டு பேரைச் சந்தித்தோம். அவர்கள் வெறுங்கையோடு வந்திருந்தார்கள். பொருளுதவி செய்யக் கூடாது என்பது சேனையின் விதி. டப்ளினில் 1921 செப்டம்பர் 7 அன்று அதைத் தொடங்கிய பிராங்க் டப், வின்சென்ட் தே பவுல் சபையில் பணியாற்றியவர். ஏழைகளுக்கான மருத்துவமனையில் நோயுற்ற பெண்களை இருவர் இருவராகப் போய்ப் பார்ப்பதே சேனைக்கு அவர் தந்த முதல் வேலை. கொடுக்க ஒன்றும் இல்லாமல் போகும்போது பேச்சு எப்படித் தொடங்கும் என்று கேட்டேன். இருவரில் மூத்தவர், "பக்கத்துல உக்காந்தா போதும் தம்பி, அவங்களே கையப் பிடிச்சுக்குவாங்க" என்றார்.

மூன்றாம் நாள்: செவ்வாய், பிப்ரவரி 10

காலையில் உசிலம்பட்டிப் பேருந்தில் ஏறினோம். காளவாசல், விராட்டிபத்து, நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி என்று ஊர்கள் கழிய, நாகமலை நெடுந்தூரம் வலப்பக்கத்தில் கூடவே வந்தது. கருமாத்தூரில் இறங்கி, அங்கிருந்து கிளைச்சாலையில் ஓர் ஊருக்கு நடந்தோம். என்னோடு வந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். மனைவி ஓய்வுபெற்ற செவிலியர். அவர்கள் வாரத்தில் இரண்டு நாள் இந்தப் பக்கம் வருகிறார்கள்.

நாங்கள் போன வீட்டார் கிறிஸ்தவர்கள் அல்லர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்ட கணவரை அவருடைய மனைவி தனியாகப் பார்த்துக்கொள்கிறார். மகள் திருப்பூரில் வேலையில் இருக்கிறார். முற்றத்தில் நுழைந்ததும் அந்தப் பெண், "வேதக்கோயில்காரங்க வந்துட்டாங்க" என்று உள்ளே பார்த்துக் கணவரிடம் சொன்ன குரலில் இருந்த நிம்மதியை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது.

இரண்டு மாதங்களுக்கு முன், இடுப்புக்குக் கீழே உள்ளங்கையளவு படுக்கைப்புண் இருந்ததாம். எலும்பு துருத்திய இடங்களில் உடலின் எடை ஓயாமல் அழுத்தும்போது அங்கே இரத்த ஓட்டம் நின்று, தோல் உள்ளிருந்தே செத்துப்போகிறது. மேலே சிவப்பு தெரியும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். மருந்தைவிட முக்கியமானது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது. கழனி வேலைக்கும் போய்க்கொண்டு இதைத் தனியொரு பெண் எப்படிச் செய்வார்? செவிலியர் அம்மா முதல் நாள் வந்தபோது, அந்தப் பெண்ணைக் குறை சொல்லாமல், அக்கம்பக்கத்தாரையும் அழைத்து வைத்து, ஒரு போர்வையை மடித்து உடலின் அடியில் விட்டு, அதைப் பிடித்து இழுத்தே புரட்டும் முறையைக் காட்டியிருக்கிறார். எதிர் வீட்டுச் சிறுவன் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு முறை வந்து போர்வையின் மறுமுனையைப் பிடிக்கிறான். பங்கிலிருந்து ஒரு தண்ணீர்ப் படுக்கையை இரவல் கொடுத்திருக்கிறார்கள். அது எந்தத் தேதியில் எந்த வீட்டுக்குப் போனது, எப்போது திரும்பியது என்று ஒரு பேரேடு இருப்பதை ஞாயிறு அன்றே பார்த்திருந்தேன். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை மருத்துவரும் வந்து காலை மடக்கி நீட்டும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பயிற்சியைத் தினமும் செய்கிறார்களா என்று பார்த்து, விட்டுப்போனால் மீண்டும் செய்யவைப்பதுதான் இவர்களுடைய பங்கு.

செவிலியர் அம்மா கட்டை அவிழ்த்துப் புண்ணைப் பார்த்தார். விளிம்புகள் இளஞ்சிவப்பாகக் கூடி வந்திருந்தன. உப்புநீரால் கழுவிப் புதிய கட்டுப் போட்டார். அவருடைய கணவர் அந்த நேரமெல்லாம் நோயாளியின் நல்ல கையைப் பிடித்தபடி, அவருக்குப் பிடித்த சல்லிக்கட்டுப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார். நோயாளியால் சொற்களைச் சேர்த்துச் சொல்ல முடியவில்லை; ஆனால் அவனியாபுரம் என்ற பெயர் வந்தபோது அவர் வாய் கோணியவாறே சிரித்ததைக் கண்டேன். வெளிப்படையாகச் செபம் எதுவும் சொல்லப்படவில்லை. இன்னார் இனியார் என்று பாராமல் உதவ வேண்டும் என்பது சபையின் ஒழுங்கு. அதோடு, அந்த வீட்டார் கேட்காத செபத்தை அவர்கள்மேல் சுமத்துவது பெற்ற உதவிக்கு விலை கேட்பதாகிவிடும் என்று இவர்கள் கருதுகிறார்கள். நானும் அவ்வாறே கருதுகிறேன். திரும்பும் பேருந்தில் செவிலியர் அம்மா செபமாலையை எடுத்தார். அது அவர்களுக்காகத்தான் என்று கேட்காமலே தெரிந்தது.

இரவில் தங்கியிருந்த அறையில், புனித வின்சென்ட் தே பவுலின் வாழ்வில் 1617ஆம் ஆண்டு நடந்த ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். பிரான்சின் சாத்தியோன் என்னும் சிற்றூரில், ஒரு குடும்பமே நோயில் விழுந்து கிடக்கிறது என்று அவர் மறையுரையில் சொல்ல, அன்று மாலையே ஊர் திரண்டு உணவோடு அந்த வீட்டுக்குப் போனது. இன்று தேவைக்கு மேல் குவிந்து அழுகும், நாளை ஒன்றும் இராது என்று கண்ட அவர், ஊர்ப் பெண்களை ஒன்றுகூட்டி, முறை வைத்து, நாளுக்கு ஒருவராகப் போகும்படி ஒழுங்கு செய்தார். எங்கள் பங்கின் கிறிஸ்துமஸ் அரிசி எனக்கு அந்த முதல் மாலையின் உணவாகவே தெரிகிறது. மதுரைக்கும் இது புதிதன்று. இத்தாலியத் துறவி இராபர்ட் தெ நொபிலி 1606இல் இந்நகருக்கு வருமுன்பே, கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் இயேசு சபைக் குரு இங்கே கோயிலோடு ஒரு பள்ளியையும் சிறு மருத்துவ மனையையும் நடத்திவந்தார். மருந்து தேடி வந்தவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்பட்டதாக நான் அறியவில்லை.

நான்காம் நாள்: புதன், பிப்ரவரி 11

லூர்து அன்னை திருநாள். இதே நாளை உலக நோயாளர் நாளாகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் அறிவித்தார். 1993 முதல் கொண்டாடப்படுகிறது. காலை எட்டு மணியிலிருந்தே ஆட்டோக்கள் நோயாளிகளைக் கொண்டுவரத் தொடங்கின. திங்கட்கிழமை சவரம் செய்துவிட்ட ஓட்டுநர் மட்டும் ஏழு முறை போய்வந்தார். படிக்கட்டில் சக்கர நாற்காலியை எப்படி ஏற்றுவது, எப்படி இறக்குவது என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த செவிலியர் அம்மா, என்னையும் ஒரு நாற்காலியின் பின்னால் நிறுத்தினார்.

புனித வாரத்தில் ஆயர் மந்திரித்த எண்ணெயைக் குருவானவர் ஒவ்வொருவரின் நெற்றியிலும் இரு உள்ளங்கைகளிலும் பூசினார். இதைச் செய்யக் குருவுக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. பொதுநிலையினர் செய்தது, நடுங்கும் கைகளை விரித்துப் பிடித்துக் கொடுத்ததுதான். எனக்கு முன்னால் இருந்த பெண்மணியின் விரல்கள் வாதத்தால் மடங்கி இறுகியிருந்தன. நான் ஒவ்வொரு விரலாக மெல்லப் பிரித்துப் பிடித்திருந்தேன். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நெடுநேரம் ஆயிற்று. குருவானவர் காத்திருந்தார்.

செல்லூர் மூதாட்டி வரவில்லை.

திருப்பலிக்குப் பின் வந்திருந்த அனைவருக்கும் பொங்கலும் காபியும் கொடுத்தார்கள். ஆசிரியர் ஒரு தூக்குவாளியில் பொங்கலை எடுத்துக்கொண்டு, "வாங்க சார், பாட்டிய பாத்துட்டு வந்துருவோம்" என்றார். எனக்கு ஊருக்குப் பேருந்து பிடிக்க நேரமாகிக்கொண்டிருந்தது, ஆனாலும் போனேன். மூதாட்டி இரண்டு வாய் சாப்பிட்டார். ஆசிரியர் பூசுதலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேரனுக்குப் பரீட்சை எப்போது என்று விசாரித்தார், மின்விசிறி ஏன் சத்தம் போடுகிறது என்று ஏறிப் பார்த்தார். கால் மணி நேரம் கழிந்தபின் மூதாட்டியே கேட்டார்.

"எத்தன பேருக்குப் பூசுனாங்க?"

"ஐம்பது பேருக்கு மேல இருக்கும் பாட்டி."

"எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க பாட்டி. பொங்கல் சாப்பிட்டுட்டுத்தான் போனாங்க."

அவர் சற்று நேரம் தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாமிய வெள்ளிக்கிழமை இங்க வரச் சொல்லுங்க. சாயங்காலமா வரச் சொல்லுங்க, பேரன் இருப்பான்" என்றார்.

ஆசிரியர் சட்டைப் பையிலிருந்த குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பேருந்தில் உட்கார்ந்ததும் நானும் என்னுடையதை எடுத்தேன். நான்கு தெரு தள்ளியிருக்கும் பெரியவரின் பெயரை முதலில் எழுதினேன். உடன் வருவதற்கு யாரைக் கேட்பது என்று வாடிப்பட்டி தாண்டும் வரை யோசித்து, எங்கள் பொருளாளருக்குத் தொலைபேசியில் பேசினேன். நாளை மாலை ஐந்து மணிக்குத் தாம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.